வண்டியில்தான் கோளாறு

ஜூன் 8, ஞாயிறு

சீசனின் முதல் கார் பந்தயம் முடிந்தது. எங்கள் அணியின் இன்னொரு ஓட்டுநர் டாக்டர் நஸ்ரின் ஆறாவது, நான் எட்டாவது. மொத்தம் பத்து அணிகள், அணிக்கு இரண்டு கார். அணிகளின் பட்டியலில் எங்கள் நொய்யல் ரேசிங் ஐந்தாம் இடம். போன வருடம் நான்கு, அதற்கு முந்தைய வருடம் மூன்று. ஐந்து என்பது ஒன்றும் மோசமில்லை. முன்னால் இருப்பவர்கள் நம்மைக் கண்டுகொள்ள மாட்டார்கள், பின்னால் இருப்பவர்கள் மரியாதையாக வணக்கம் வைப்பார்கள்.

நான் எட்டாவது வந்ததற்குப் பின்பக்க டயர்தான் காரணம். மூன்றாவது சுற்றிலேயே பிடிப்பு போய்விட்டது. நஸ்ரினுக்கும் அதே டயர்தான், அதே கடையில் அதே நாளில் வாங்கியது. ஆனாலும் டயருக்கு டயர் வித்தியாசம் இருக்கத்தானே செய்யும்.

வண்டியின் கோளாறுகளைக் குறித்து வைக்க ஒரு நோட்டு வேண்டும் என்று மனைவி கஸ்தூரியிடம் கேட்டேன். அவள் கணக்கு டீச்சர். பள்ளிக்கூடத்தில் கொடுத்த இந்த டைரியைத் தந்துவிட்டு, "முந்நூத்தி அறுவத்தஞ்சு பக்கம் இருக்குதுங்க. பத்துமா?" என்றாள்.

ஜூன் 11, புதன்

பத்து நாளுக்குப் பிறகு இன்று சிறுவாணித் தண்ணீர் வந்தது. டிரம், குடம், பக்கெட், இட்லிப் பானை என்று எல்லாவற்றிலும் பிடித்தாயிற்று. ரேஸ் உடுப்பை ஊறவைத்துத் துவைத்து மொட்டை மாடியில் காயப்போட்டேன். எதிர் வீட்டு ரிடையர்டு தாசில்தார் கீழே நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏனுங்க தம்பி, தீயணைப்புல வேலை கெடச்சிருச்சுங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். பதினோரு வருடமாக விளக்கிப் பார்த்தாயிற்று.

ஜூன் 22, ஞாயிறு

இரண்டாவது பந்தயம். நான் ஒன்பதாவது. முன்பக்கம் வளைவில் திரும்பவே மாட்டேன் என்கிறது. ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது என்று மருதாசலத்திடம் சொன்னேன். மருது எங்கள் மெக்கானிக். நான் கோவை கணபதியில் லேத் பட்டறை ஆரம்பித்த வருடம் வந்தவன். ரேஸ் அணி தொடங்கியபோது லேத்தை விட்டுவிட்டு ஸ்பேனரை எடுத்தான். பேசுவது குறைவு. காரின் அடியில் படுத்துக்கொண்டால் அதுவும் கிடையாது.

"புது ஸ்பிரிங் வந்துருக்குதுங்ணா. மாத்திப் போடுட்டுங்களா?" என்றான்.

"அதைத்தான் மருது ஒரு மாசமாக் கேக்கறேன்" என்றேன்.

ஜூன் 25, புதன்

ட்ராக்கில் பயிற்சி. புது ஸ்பிரிங் போட்ட பிறகு வண்டி வேறு வண்டி. வளைவுகளில் சொன்னபடி கேட்கிறது. அரை வினாடி குறைந்தது. மருதுவைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அவன் கூச்சப்பட்டுத் தலையைச் சொறிந்தான்.

ஜூன் 29, ஞாயிறு

பட்டறையில் ஒட்டடை அடித்தேன். அலமாரி மேல் அந்த ஸ்பிரிங் பெட்டி இருந்தது. கூரியர்காரன் ஒட்டிய டேப் பிரிக்கவே இல்லை. மருது இரண்டு செட் வாங்கியிருப்பான் போல. முன்யோசனைக்காரன்.

ஜூலை 20, ஞாயிறு

மூன்றாவது பந்தயம். நஸ்ரின் ஐந்தாவது, நான் பதினொன்று. இந்த முறை கியர். மூன்றிலிருந்து நான்குக்குப் போகும்போது ஒரு தயக்கம் இருக்கிறது. மருது அதை நாள் முழுக்கக் கழற்றி மாட்டிவிட்டு, "தயக்கம் இருக்கறது வாஸ்தவந்தானுங்ணா" என்றான். எங்கே இருக்கிறது என்று மட்டும் சொல்லவில்லை.

விளம்பரம் கொடுத்திருந்த திருப்பூர் பனியன் கம்பெனிக்காரர் பந்தயம் முடிந்ததும் வந்து, ரொம்ப மரியாதையாக, அவருடைய ஸ்டிக்கரை அவர் கையாலேயே உரித்துக்கொண்டு போனார். இனி கார் மீது இருப்பது வெட் கிரைண்டர் கம்பெனி மட்டும். பனியன் இருந்த இடத்தில் பெயிண்ட் புத்தம் புதிதாகப் பளிச்சென்று இருக்கிறது. ஒரு விதத்தில் கார் முன்னைவிட அழகுதான்.

ஜூலை 21, திங்கள்

கழுத்து வலி. சீட்டின் சாய்மானம் சரியில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. கஸ்தூரி தேங்காய் சாதம், எலுமிச்சை சாதம், தயிர் சாதம் எல்லாம் கட்டினாள். நஸ்ரினும் கிளினிக்கை மூடிவிட்டு வந்தார். அவர் குனியமுத்தூரில் பல் டாக்டர். வாரம் முழுக்க மற்றவர்கள் வாயைத் திறக்கச் சொல்வார். ஞாயிறு மட்டும் ஹெல்மெட்டுக்குள் தன் வாயை இறுக மூடிக்கொண்டு வண்டி ஓட்டுவார்.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே போனில் அறிவிப்பு வந்தது. அடுத்த வருடம் சாம்பியன்ஷிப்பில் பத்து அணிகள் கிடையாதாம். பட்டியலில் முதல் ஆறு இடத்தில் முடிப்பவர்கள் மட்டும்தான் மேல் பிரிவில். மற்றவர்களெல்லாம் கீழ்ப் பிரிவுக்குப் போய், சின்ன என்ஜினில், பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு ஓட்ட வேண்டும்.

நாங்கள் இப்போது ஆறாவது. ஏழாவது இடத்தில் பாலாறு மோட்டார்ஸ் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது.

"நொய்யலும் பாலாறும் போட்டி போடுதாக்கும். ரெண்டுலயும் தண்ணியே இல்லையே!" என்று கஸ்தூரி சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் தயிர் சாதத்தை மூடி வைத்துவிட்டேன். பதினோரு வருடமாக நான்கு பேர் சேர்ந்து கட்டிய அணி இது. அதைக் கீழே இறக்கியவன் என்ற பெயர் எனக்கு வேண்டாம்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

என்ஜினில்தான் கோளாறு என்று எனக்கு உறுதியாகத் தெரிந்துவிட்டதால், பந்தயத்துக்கு முன்பே நஸ்ரினின் என்ஜினை என் காருக்கும் என்னுடையதை அவர் காருக்கும் மாற்றச் சொன்னேன். நஸ்ரின் முகம் கோணவில்லை. "எடுத்துக்கங்கண்ணா, எனக்கு எதுவும் ஒண்ணுதான்" என்றார். டேப் போட்ட பெட்டி எதுவும் இடையில் வந்துவிடக் கூடாது என்று நான் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, மாற்றுவதைக் கண்ணால் பார்த்தேன்.

நஸ்ரின் ஐந்தாவது. நான் பத்தாவது.

நல்ல என்ஜின் என்னிடம் வந்ததும் அதற்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

ஐந்தாவது பந்தயம். ஆறாவது சுற்றில் ஒரு மைனா குறுக்கே வந்தது. அதைக் காப்பாற்றப் போய் வண்டி சுழன்று டயர்ச் சுவரில் பக்கவாட்டாக மோதியது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. இடது முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான்.

அந்த வளைவில் நின்ற கொடி காட்டுபவர், "மைனாவா? நான் பாக்கலைங்களே" என்றார். அவர் வேலை காரைப் பார்ப்பது. மைனாவைப் பார்ப்பதா?

செப்டம்பர் 17, புதன்

என் காரின் இரும்புச் சட்டம் வளைந்துவிட்டது. மருது ஒரு முனையில் நூலைப் பிடித்துக்கொண்டு, மறுமுனையைப் பிடிக்கச் சொன்னான். நூல் நேராக இருந்தது, கார் நேராக இல்லை. இந்த சீசனுக்குள் சரி செய்ய முடியாது. எங்களிடம் இனி ஒரே ஒரு கார்தான்.

பாலாறைவிட நாங்கள் நான்கு புள்ளி மேலே. ஒரே ஒரு பந்தயம் மீதி. ஒரு சீட். அதில் நானா நஸ்ரினா?

அணியைத் தொடங்கியவன் நான். அனுபவம் எனக்கு. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஆனாலும் நான் அதைச் சொன்னபோது மருது நூலைச் சுருட்டிக்கொண்டே இருந்தான். நூல் முழுவதும் சுருட்டி முடிந்த பிறகும் சுருட்டினான்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. இருக்கும் ஒரு காருக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, மூக்கில் செவ்வந்தி மாலை போட்டு, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தோம். வளைந்த காருக்கும் ஒரு பொட்டு வைத்தேன். அதுவும் நம் வண்டிதானே.

பொரி சாப்பிடும்போது கஸ்தூரிதான் பேச்சை எடுத்தாள். "யாரு ஓட்டறதுன்னு இன்னும் முடிவு பண்ணலையாமே?"

மருது பொரித் தட்டை என் பக்கம் தள்ளினான்.

"ஏனுங்க, இதுல என்ன இருக்குது? இத்தன நாளா உங்களுக்கு வண்டி ஒரு மாதிரி, டாக்டருக்கு வண்டி ஒரு மாதிரி. இப்ப இருக்கறது ஒரே வண்டி. ரெண்டு பேரும் ஆளுக்குப் பத்துச் சுத்து ஓட்டுங்க. மருது டைம் எடுக்கட்டும். கணக்கு முடிஞ்சுது."

எனக்குப் பரம சந்தோஷம். இதைத்தானே நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்! ஒரே வண்டி, ஒரே டயர், ஒரே என்ஜின் என்று வந்துவிட்டால் உண்மை தெரிந்துவிடும். உடனே சரி என்றேன். நஸ்ரின் பொரியில் இருந்த கடலையை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தார். "அண்ணாவே ஓட்டட்டும். டெஸ்ட்டெல்லாம் எதுக்கு?" என்றார். நான்தான் வற்புறுத்தினேன்.

அக்டோபர் 5, ஞாயிறு

காலை ஏழு மணிக்கே ட்ராக். மேகமூட்டம், காற்று இல்லை. முதலில் நஸ்ரின் பத்துச் சுற்று. பிறகு நான்.

நான் நன்றாக ஓட்டினேன். இதை யாருக்காகவும் எழுதவில்லை. உண்மையிலேயே ஒரு தப்பும் செய்யவில்லை. எந்த வளைவிலும் சக்கரம் வெளியே போகவில்லை. கியர் தயங்கவில்லை, முன்பக்கம் சொன்னபடி திரும்பியது, மைனா ஒன்றும் வரவில்லை. இறங்கும்போது சட்டை பிழிந்தால் ஒரு டம்ளர் வரும் அளவுக்கு வியர்வை.

மருது ஸ்டாப் வாட்சையும் காகிதத்தையும் பிடித்துக்கொண்டு நின்றான். கொஞ்ச நேரம் காகிதத்தையே பார்த்தான்.

"ரெண்டு பேருக்கும் ஒரே டைம்தானுங்ணா" என்றான். "நூல் பிடிச்ச மாதிரி. நீங்களே பாத்து முடிவு பண்ணிக்கங்."

சொல்லிவிட்டுக் காகிதத்தை நான்காக மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டான். நஸ்ரின் ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார். குனிந்தவர் நிமிரவே இல்லை. அந்த ஷூவில் கயிறே கிடையாது, ஒட்டும் பட்டைதான்.

இரண்டு பேருக்கும் ஒரே நேரம். மருது சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

அக்டோபர் 6, திங்கள்

கழுத்து வலி அதிகமாகிவிட்டது. இந்தக் கழுத்தோடு பதினைந்து சுற்றுப் பந்தயம் முடியாது. அதனால் கடைசிப் பந்தயத்தை நஸ்ரின் ஓட்டட்டும் என்று முடிவு செய்து, போன் பண்ணிச் சொன்னேன். எதிர்ப்பக்கம் ரொம்ப நேரம் சத்தமே இல்லை. யாரோ ஒரு நோயாளி வாயைத் திறந்தபடி காத்துக்கொண்டிருந்திருப்பார்.

"கழுத்துக்கு ஐஸ் வைங்கண்ணா" என்றார் கடைசியில்.

கஸ்தூரியிடமும் கழுத்து வலி என்றுதான் சொன்னேன். ராத்திரிச் சாப்பாட்டுக்கு, நான் கேட்காமலேயே, அரிசிம்பருப்புச் சாதம் செய்து நெய்யை அள்ளி ஊற்றினாள்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. எண்ணெய்க் குளியல். கழுத்து வலி சுத்தமாக இல்லை. நஸ்ரினுக்கு ஒரு டப்பா ஜாங்கிரி அனுப்பினேன். "பல் டாக்டருக்கே அனுப்பறீங்களே!" என்று போன் வந்தது.

நவம்பர் 2, ஞாயிறு

ராத்திரி, எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்து எழுதுகிறேன்.

கடைசிப் பந்தயம், பதினைந்து சுற்று. கணக்கு எளிது: பாலாறின் கார்கள் வழக்கமாக வரும் இடத்திலேயே வந்தால், நஸ்ரின் எட்டாவது இடத்துக்குள் முடித்தால் ஆறாம் இடம் எங்களுக்கு. நான், மெக்கானிக்குகள் நிற்கும் பிட் சுவரில் நின்று எண் பலகை காட்டினேன், காதில் ரேடியோ. பதினோரு வருடத்தில் முதல் தடவையாகச் சுவருக்கு இந்தப் பக்கம் நிற்கிறேன். காரைக் கண்ணெதிரே ஒரு நொடி பார்க்கலாம், அப்புறம் ஒரு நிமிடத்துக்கு வெறும் சத்தம்தான். இத்தனை வருடமாக மருதுவுக்குக் கிடைத்தது இவ்வளவுதான்.

நஸ்ரின் ஆறாவதாகக் கிளம்பி, ஏழாவது சுற்றில் ஐந்தாவதானார். நான் பலகையைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டியதில் எண்கள் கழன்று விழுந்தன. மருது சிரித்தான்.

பத்தாவது சுற்றில் நேரம் கொஞ்சம் கூடியது. பதினொன்றில் இன்னும் கூடியது. ரேடியோவில் குரல் வந்தது. "சாரிண்ணா, என் தப்புதான். நீள ரோட்டு முடிவுல பிரேக் சீக்கிரமாப் போட்டுர்றேன்."

"ஏன் சீக்கிரமாப் போடறீங்க?"

"தெரியலைண்ணா. பயந்துட்டேன் போல. ரெண்டு தரம் மிதிச்சா சரியாப் பிடிக்குது. நான் பாத்துக்கறேன்."

நான் ஐந்து மாதமாக வண்டியைக் குறை சொன்னவன். ஆகையால் எனக்கு ஒன்று நன்றாகத் தெரியும்: தன் தப்பை ஒருத்தர் வண்டி மேல் போடும்போது குரல் எப்படி இருக்கும் என்று. இது அதற்கு நேர் எதிர்க் குரல். வண்டியின் தப்பை இவர் தன் மேல் போட்டுக்கொள்கிறார். இந்தப் பெண் இதுவரை எந்தப் பந்தயத்திலும் இரண்டு தரம் மிதித்ததில்லை.

"மருது, வண்டியில கோளாறு" என்றேன்.

மருது என்னைத் திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வையை நான் மறக்க மாட்டேன். கோபம் இல்லை. பாவம் என்று பார்த்தான்.

"அண்ணா... இன்னைக்குமா?"

"பிரேக் போயிட்டிருக்குது. உள்ளே கூப்பிடறேன்."

"நாலே சுத்துங்ணா. அஞ்சாவதா இருக்கறாங்க. கூப்புட்டம்னா அவ்வளவுதான், நாம ஏழாவது. காலைலதான் நானே பிரேக் பாத்தனுங்ணா. நல்லாத்தான் இருந்துச்சு." கொஞ்சம் நிறுத்தி, மெதுவாகக் கேட்டான், "டாக்டர் நல்லா ஓட்டறது உங்களுக்குப் பிடிக்கலீங்களா?"

அது நெஞ்சில் குத்தியது. ஏனென்றால் அவன் அப்படிக் கேட்பதற்கு நியாயம் இருந்தது. ஐந்து மாதம் நான் சொன்ன எதுவும் உண்மையில்லை. இப்போது சொல்வதை மட்டும் எவன் நம்புவான்? எனக்கே ஒரு கணம் சந்தேகம் வந்தது, நான் பொறாமையில்தான் பேசுகிறேனோ என்று. அதற்குள் கார் எங்களைக் கடந்து போய்விட்டது. அடுத்த ஒரு நிமிடம் நான் கும்பிடாத சாமி இல்லை.

பன்னிரண்டாவது சுற்றில் நஸ்ரின், "மூணு தரம் மிதிக்கணும் போல" என்றார்.

"உள்ளே வாங்க."

"மூணே சுத்துண்ணா!"

"டாக்டரம்மா, உங்க தப்பு ஒண்ணும் இல்ல. வண்டியிலதான் கோளாறு. உள்ளே வாங்க!" பக்கத்து அணிகளெல்லாம் திரும்பிப் பார்க்கும்படி கத்திவிட்டேன்.

வந்தார். பிட் பாதையில் மெதுவாகத்தான் வந்தார். எங்கள் இடத்தில் நிற்க வேண்டிய கார், நிற்காமல் எங்களைத் தாண்டிப் போனது. உள்ளே நஸ்ரின் முழங்கால் மேலும் கீழுமாக அடித்துக்கொண்டிருந்தது தெரிந்தது. மருது ஓடிப்போய்ப் பின்னாலிருந்து காரைப் பிடித்துத் தொங்கினான். நானும் தொங்கினேன். நான்கு அணிகள் தாண்டி, பாலாறின் வாசலில், அவர்கள் அடுக்கி வைத்திருந்த டயரில் மூக்கை முட்டி நின்றது.

முன் சக்கரத்துப் பக்கம் பிரேக் ஆயில் குழாய் வெடித்திருந்தது. கடைசிச் சொட்டு தரையில் விழுந்துகொண்டிருந்தது. மருது குனிந்து கையால் பிரேக்கை அமுக்கினான். பெடல் சத்தமே இல்லாமல் தரையைத் தொட்டது. நீள ரோட்டின் முடிவில் காங்கிரீட் சுவர் இருக்கிறது. அங்கே போகும்போது நூற்று எழுபது கிலோமீட்டர் வேகம்.

மருது அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

நஸ்ரின் ஹெல்மெட்டைக் கழற்றினார். கண் கலங்கியிருந்தது. பெடலை எட்டிப் பார்த்தார், சொட்டைப் பார்த்தார். பிறகு அழுதுகொண்டே சிரிக்க ஆரம்பித்தார். "தெனமும் இருபது பேர்கிட்ட சொல்றேண்ணா. பல்லு ஆடுனா உடனே வாங்க, நாமளே பாத்துக்கலாம்னு விடாதீங்கன்னு."

காரை எங்கள் இடத்துக்குத் தள்ளிக்கொண்டு வரப் பாலாறு பையன்களும் கை கொடுத்தார்கள். ஆறாம் இடம் அவர்களுக்கு. நாங்கள் ஏழாவது. கீழ்ப் பிரிவு.

நவம்பர் 3, திங்கள்

காலை எட்டு மணி வரை தூங்கினேன். கஸ்தூரி எழுப்பவில்லை.

நவம்பர் 6, வியாழன்

கீழ்ப் பிரிவிலிருந்து விண்ணப்பம் வந்தது. ஓட்டுநர் என்ற இடத்தில் நஸ்ரின் பெயரை எழுதினேன். நஸ்ரின் சொல்கிறார், பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு ஓட்டினால் பால்பல் கேஸ் நிறைய வருமாம். வெட் கிரைண்டர்காரர், "சின்ன என்ஜினா? நம்ம கிரைண்டர்லயும் சின்ன மோட்டார்தானுங்க, அதனால என்ன" என்று ஸ்டிக்கரை விட்டுவைத்திருக்கிறார். ஒரு கார், ஒரு ஸ்டிக்கர், நான்கு பேர். பதினோரு வருடத்துக்கு முன்னால் தொடங்கியபோது இதைவிடக் குறைவுதான்.

மாலையில் மருது பட்டறைக்கு வந்தான். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து என் முகத்தைப் பார்க்காமல் சுற்றிக்கொண்டிருந்தவன். இரண்டு டீ வாங்கி வந்திருந்தான்.

"அன்னைக்கு அப்படிக் கேட்டிருக்கக் கூடாதுங்ணா" என்றான்.

"கேட்டதுல தப்பில்ல மருது. நானா இருந்தாலும் அதத்தான் கேட்டிருப்பேன்."

டீயைக் குடித்து முடித்தோம். அப்புறம் நான் கேட்டேன். "அந்தப் பத்துச் சுத்து. நெசமா எவ்வளவு?"

அவன் தலையைச் சொறிந்தான். "எதுக்குங்ணா இப்ப?"

"சொல்லு."

சட்டைப் பாக்கெட்டிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்தான். ஒரு மாதமாக அங்கேயே இருந்திருக்கிறது. இரண்டு தடவை துவைத்ததில் மடிப்புகளில் எழுத்து அழிந்திருந்தது. ஆனால் கீழே போட்டிருந்த சராசரி தெரிந்தது. அதை வாங்கிப் பார்த்துவிட்டு அவனிடமே கொடுத்தேன். எனக்குத் தெரியாத ஒன்றும் அதில் இல்லை. அன்று காலை காரிலிருந்து இறங்கும்போதே தெரியும்.

இந்த டைரி வண்டியின் கோளாறுகளை எழுத வாங்கியது. ஆகவே அக்டோபர் 5-ஆம் தேதிக்கு எழுதாமல் விட்டதை இங்கே எழுதி வைக்கிறேன்.

நஸ்ரின், பத்துச் சுற்றின் சராசரி: ஒரு நிமிடம் 14.2 வினாடி.

தண்டபாணி, அதே கார், அதே டயர்: ஒரு நிமிடம் 15.6 வினாடி.

வண்டியில் ஒரு கோளாறும் இல்லை.